அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த ஹார்மோன் க்ரீம்: எவ்வளவு, எத்தனை நாள், பயப்பட வேண்டுமா?

உங்கள் அம்மாவுக்கு 61 வயது. மாதவிலக்கு நின்று பதின்மூன்று வருடம் ஆகிறது. போன ஒரு வருடத்தில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்து, நான்கு முறையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஒரு வகை) க்ரீம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா "ஹார்மோன் மருந்தா? கேன்சர் வந்துடுமே" என்று சொன்னதும் டியூப் பீரோவுக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்த உங்களுக்கும் பயம் வந்துவிட்டது. கூடவே, 44 வயதில் மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது என்று நீங்களே இணையத்தில் வாங்கிப் பூசிவரும் புரோஜெஸ்டிரோன் (இன்னொரு பெண் ஹார்மோன்) க்ரீமைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்.

முப்பது வருடமாகப் பெண்கள் நல மருத்துவம் பார்க்கிறேன். பீரோவுக்குள் போன இந்த டியூப் எனக்குப் பழக்கமானது. முதல் ஆளுக்கு அவசியமான மருந்தைப் பயந்து ஒளித்து வைக்கிறார்கள். அதே வீட்டில் இரண்டாவது ஆள் தேவையில்லாத ஒன்றைப் பயமில்லாமல் பூசிக்கொள்கிறார். இரண்டு டியூபிலும் 'ஹார்மோன்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லை வைத்துப் பயப்படவும் முடியாது, நம்பவும் முடியாது. எந்த ஹார்மோன், ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம், உடம்பில் எந்த இடத்தில் என்று பார்த்தால்தான் பேச முடியும்.

முதலில், சிறுநீர்த் தொல்லைக்கு எதற்குப் பிறப்புறுப்பில் க்ரீம்? அம்மாவுக்கு இதுதான் புரிந்திருக்காது. நம் வீடுகளில் நீர்க்கடுப்பு என்றாலே "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று இளநீரும் வெந்தயமும்தான். தண்ணீர் அதிகம் குடிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு திரும்பத் திரும்ப வருகிற நீர்க்கடுப்புக்குக் காரணம் வேறு. பிறப்புறுப்புப் பாதையும் சிறுநீர் வெளிவரும் குழாயும் ஒட்டிப் பிறந்த அக்கம்பக்கத்து வீடுகள்; இரண்டின் உள்தோலும் ஈஸ்ட்ரோஜனை நம்பியே இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அந்தத் தோல் தடிமனாக, ஈரமாக இருக்கும். அதிலுள்ள கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருளைக் கொண்டு லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் பிழைக்கும். தயிரைப் புளிக்க வைப்பவற்றின் உறவுக்காரர்கள் இவர்கள். இங்கேயும் அதே லாக்டிக் அமிலத்தைத்தான் உண்டாக்குகிறார்கள். அந்தப் புளிப்பில் மலக்குடல் பக்கத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி நிலைக்க முடியாது. மாதவிலக்கு நின்று சில வருடங்களில் தோல் மெலிந்து, புளிப்பு குறைந்து, காவல்காரர்களும் போய்விடுகிறார்கள். பிறகு கிருமி சிறுநீர்க் குழாய்க்குள் ஏறுவதற்கு என்ன தடை? ஆன்டிபயாடிக் வந்த திருடனைப் பிடிக்கும். கதவு திறந்தேதான் கிடக்கும்.

இஸ்ரேலில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, மாதவிலக்கு நின்ற 93 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரியால் க்ரீம், மறுபாதிக்கு மருந்தில்லாத க்ரீம் கொடுத்தார்கள். மருந்தில்லாத க்ரீம் வைத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. ஈஸ்ட்ரியால் வைத்தவர்களுக்கு 0.5 முறை. அதில் கொடுத்த அளவு: முதல் இரண்டு வாரம் தினமும் இரவில் 0.5 மில்லிகிராம், பிறகு எட்டு மாதம் வாரம் இருமுறை. உங்கள் அம்மாவின் சீட்டில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இனி அளவு. ஈஸ்ட்ரியால் க்ரீம் வழக்கமாக ஒரு கிராமில் 1 மில்லிகிராம் மருந்து இருக்கும்படி வருகிறது. டியூபோடு, ஊசி இல்லாத சிரிஞ்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும், அப்ளிகேட்டர் என்பார்கள். அதில் போட்டிருக்கும் வளையக் கோடு வரை நிரப்பினால் அரை கிராம் க்ரீம், அதாவது 0.5 மில்லிகிராம் ஈஸ்ட்ரியால். (உங்கள் பெட்டியில் வந்த அப்ளிகேட்டரில் கோடு எதைக் குறிக்கிறது என்பதை உள்ளே இருக்கும் தாளில் ஒருமுறை சரிபாருங்கள், ஒரு க்ரீமின் அப்ளிகேட்டரை இன்னொன்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.) முதல் இரண்டு அல்லது மூன்று வாரம் தினமும் படுக்கப் போகும்போது ஒருமுறை. பிறகு வாரத்துக்கு இரண்டே முறை. 15 கிராம் டியூப் என்றால் முப்பது வேளை வரும். பதினான்கு நாள் தினமும் போக மீதிப் பதினாறு வேளை எட்டு வாரத்துக்கு. ஆக முதல் டியூப் சுமார் பத்து வாரம் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது என்றால் அம்மா அளவைக் கூட்டிவிட்டார் அல்லது வாரம் இருமுறைக்கு மாறவே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். நான் நோயாளிகளிடம் டியூப் எப்போது வாங்கினீர்கள் என்று கேட்பதே இதற்காகத்தான்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும். கடையில் "அது இல்லை, இதுவும் ஈஸ்ட்ரோஜன்தான்" என்று வேறு டியூபைக் கொடுத்தால், பழைய அளவை அப்படியே புதியதற்குப் போட்டுவிடக் கூடாது. கான்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் க்ரீமில் ஒரு கிராமுக்கு 0.625 மில்லிகிராம். ஈஸ்ட்ரடயால் க்ரீம் சில நாடுகளில் ஒரு கிராமுக்கு 100 மைக்ரோகிராம் என்று வருகிறது. எண் சிறியதாகத் தெரிவதால் வீரியம் குறைவு என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட்ரியால் இந்தக் குடும்பத்தில் மிகச் சாதுவான பிள்ளை. ஈஸ்ட்ரடயால்தான் மூத்தவன், பலசாலி. அந்த 100 மைக்ரோகிராம் க்ரீமை உள்ளே வைத்தால் ரத்தத்தில் ஹார்மோன் அளவு மாதவிலக்கு நின்றவர்களுக்கு இருக்க வேண்டியதைத் தாண்டுகிறது என்று, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை 2019இல் அதை ஒரே ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு, அதுவும் அதிகபட்சம் நான்கு வாரத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. எனவே பெயர் மாறினால் அளவும் மாறும். மாறிய டியூபோடு எழுதிக் கொடுத்தவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

புற்றுநோய்ப் பயம் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வில் 16,608 பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு தினமும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுவதைக் கண்டு 2002 ஜூலையில் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. அந்தச் செய்தி உலகமெங்கும் போனது. அதற்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் இருக்கிற எல்லாப் பெட்டியிலும், மாத்திரையானாலும் க்ரீமானாலும், ஒரே எச்சரிக்கையை ஒட்டினார்கள். நீங்கள் படித்துப் பயந்த வரிகள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. ஆனால் அந்தப் பெண்கள் விழுங்கியது மாத்திரை. உடம்பு முழுக்கச் சுற்றுகிற அளவு, அதுவும் தினமும், சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல்.

க்ரீமின் கணக்கு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பிறப்புறுப்பில் வைக்கும் 10 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடயால் மாத்திரை ஒன்று உண்டு. அதுவும் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறைதான். ஒரு வருடத்துக்கு 114 மாத்திரை. மொத்த மருந்து 1.14 மில்லிகிராம். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும் தொல்லைக்காக வாயில் போடும் ஈஸ்ட்ரடயால் மாத்திரை ஒன்றிலேயே 1 மில்லிகிராம் இருக்கும். ஒரு வருடத்து மருந்தும் ஒரு நாள் மருந்தும் ஏறக்குறைய ஒன்று! ஈஸ்ட்ரியால் வேறு பொருள் என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது, ஆனாலும் நாம் பேசும் அளவு இந்த ரகம்தான். க்ரீம் வைத்த பெண்களையும் அதே அமெரிக்க ஆய்வுக் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்டார்கள்: மார்பகப் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ மாரடைப்போ கூடவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே, இந்தப் பொத்தாம்பொதுவான கட்டம் கட்டிய எச்சரிக்கையை மெனோபாஸ் ஹார்மோன் மருந்துகளிலிருந்து எடுக்கச் சொல்லி அறிவித்தது. தாள்கள் மாற நாளாகும். பழைய தாள் இன்னும் பல வருடம் நம் கடைகளில் இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் போடலாமா? இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும், அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை இந்த க்ரீமைத் தொடங்கக் கூடாது. தொடங்கிய பிறகு பட்டாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். "க்ரீம் போட்டதால வந்திருக்கும்" என்று வீட்டில் முடிவு கட்டுவதுதான் ஆபத்து. மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்கள் முதலில் ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்களைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுத்தான் இதற்கு வர வேண்டும். அந்தப் புற்றுநோய்க்காக லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனம். அந்த மாத்திரைகளின் வேலையே உடம்பில் ஈஸ்ட்ரோஜனைத் துடைத்தெடுப்பதுதான், நாம் சிறிதளவு உள்ளே விடுவது அதற்கு நேர் எதிர். கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இப்போது இருப்பவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒன்று கவனியுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனாலேயே அந்த இடத்தில் பூஞ்சை வந்து அரிப்பும் தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப்படுதலும் ஏற்படும். அது வறட்சியால் வந்த அரிப்பு இல்லை. ஈஸ்ட்ரியால் அதைத் தீர்க்காது. அதேபோல் வெளித்தோல் வெள்ளையாக, மெல்லிய காகிதம்போல மாறி அரித்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம்; அதற்கு மருந்தே வேறு. அதனால்தான் ஒருமுறையாவது டாக்டர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன். கூச்சத்தில் "பாக்காமலே எழுதிக் குடுங்க" என்று கேட்கும் அம்மாக்கள் எத்தனை பேர்!

எப்படி வைப்பது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, அப்ளிகேட்டரை மெதுவாக உள்ளே விட்டு அழுத்தினால் போதும். வைத்துவிட்டு எழுந்து நடமாடினால் பாதி வெளியே வந்துவிடும் என்பதால்தான் இரவு. முடிந்ததும் அப்ளிகேட்டரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வளைந்துபோகும். அம்மாவுக்குப் பாதை சுருங்கி அப்ளிகேட்டர் வலித்தால், விரலில் எடுத்து வைக்கலாம், தவறே இல்லை. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். டியூபின் வாய் அகலத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும் என்பதால் ஒருமுறை அப்ளிகேட்டரில் அளந்து, அதை விரலில் பிதுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சத்தைச் சிறுநீர் வரும் துளையைச் சுற்றியும் தடவச் சொல்லுங்கள். அம்மாவின் தொல்லை அங்கேதானே.

முதல் சில நாள் எரியும். மெலிந்த தோலில் எதை வைத்தாலும் எரியும். ஒரு வாரத்தில் குறையும். மார்பில் லேசான கனமும் வரலாம். மெலிந்த தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சுவதுதான் காரணம்; தோல் தடித்ததும் உறிஞ்சுவது குறைந்துவிடும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம். வறட்சி இரண்டு மூன்று வாரத்தில் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விடுவதும், மூன்று மாதத்தில் "சரியாப் போச்சு" என்று விடுவதும் ஒரே தவறின் இரண்டு முகம். நிறுத்தினால் தோல் பழையபடி மெலியும். எத்தனை வருடம் என்று கேட்டால், தேவை இருக்கும்வரை. ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்துத் தொடரலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் அதிகமாகப் போனால் கர்ப்பப்பை உள்சவ்வு தடிக்கும், அதைத் தடுப்பது புரோஜெஸ்டிரோன்; ஆனால் இந்தக் குறைந்த அளவுக்குக் கர்ப்பப்பையைக் காக்கத் தனியாகப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தேவையில்லை.

வாரம் இருமுறை என்றால் மூன்று நான்கு நாள் இடைவெளி இருக்க வேண்டும். நான் 'செவ்வாய், வெள்ளி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு நாளும் விளக்குப் போடும் நாள் என்று ஓர் அம்மா மூன்று மாதம் தொடவே இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் தவறு. அதிலிருந்து நாளை அவர்களையே சொல்லச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு ஞாயிறும் புதனும் ஒத்துவருமா பாருங்கள். இன்னொன்று, இது தாம்பத்தியத்துக்கு முன் தடவும் வழுக்குப் பொருள் இல்லை. கணவரின் உடம்பில் ஏறும். அதற்குத் தனி ஜெல் இருக்கிறது.

பேரக்குழந்தை பாட்டியோடு படுக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே வைக்கும் க்ரீமால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, கை கழுவினால் போதும். தோலில் பூசுகிற ஹார்மோன்கள்தான் ஒட்டிக்கொள்ளும். ஆண்கள் தோளில் பூசும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லின் வழக்கமான ஒரு நாள் அளவே 50 மில்லிகிராம். தகப்பனின் தோளில் தூங்கிய பிள்ளைகளுக்கு வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் வந்ததால் 2009இல் அமெரிக்காவில் அதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டார்கள். வீட்டில் யாராவது அதைப் பூசினால், காய்ந்ததும் சட்டை போட்டு மூடிக்கொள்ள வேண்டும், பிள்ளையைத் தூக்கும் முன் அந்த இடத்தைக் கழுவ வேண்டும்.

பீரோவில் வேறு 'அரிப்பு க்ரீம்' இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அதுவும் ஒரு ஹார்மோன் வகைதான், ஆனால் வேலை முற்றிலும் வேறு. தோலைத் தடிக்க வைக்காது, நாளானால் மெலிய வைக்கும்; பூஞ்சை இருந்தால் அரிப்பை மட்டும் அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவவிடும். இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது. டாக்டர் சொல்லாமல் அந்த இடத்தில் அது வேண்டாம்.

இந்த க்ரீம் போடும்போதும் நீர்க்கடுப்பு ஒருமுறை வரலாம். வந்தால் பழைய ஆன்டிபயாடிக் சீட்டைத் தேடாமல், முதலில் சிறுநீர் கல்ச்சர் கொடுத்துவிட்டு மருந்து தொடங்கச் சொல்லுங்கள். சர்க்கரைப் பரிசோதனையும், சிறுநீர் கழித்த பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேனும் இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் பூசிவரும் புரோஜெஸ்டிரோன் க்ரீம் டப்பா. 'இயற்கையான காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து' என்று அதில் எழுதியிருக்கிறது என்றீர்கள். வள்ளிக்கிழங்கு வகைகளில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் உண்மையாகவே இருக்கிறது. 1940களில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோ காட்டுக் கிழங்கிலிருந்து அதை எடுத்துப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் காட்டியதால்தான் இந்த மருந்துகள் மலிவாயின. ஆனால் மாற்றியது ஆய்வுக்கூடம். மனித உடம்புக்கு அந்த வித்தை தெரியாது; கிழங்குச் சாற்றைப் பூசினால் கிழங்குச் சாறாகவே இருக்கும். டப்பாவில் நிஜமான புரோஜெஸ்டிரோன் சேர்த்திருந்தால் அது வேறு சிக்கல்: தோல் வழியாக எவ்வளவு உள்ளே போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், கர்ப்பப்பை உள்சவ்வைக் காக்கும் அளவுக்கு அதை நம்ப முடியாது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ தோல் ஜெல்லோ எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக்கு இந்த க்ரீமைப் பூசுகிறவர்கள் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறார்கள்.

44 வயதில் மாதவிலக்கு தாறுமாறாக வருவது மெனோபாஸை நோக்கிய பயணமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் மூன்றையும் பார்க்காமல் எதைப் பூசினாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். பூசுவதை இன்றைக்கே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. நிறுத்திய சில நாளில் ரத்தப்போக்கு வரலாம். தேதியையும் எத்தனை நாள் நீடித்தது என்பதையும் குறித்து வைத்து, டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவைக் காட்டப் போகும்போதே நீங்களும் ஒரு டோக்கன் வாங்கிவிடுங்கள்.